கடைசி வரி

இரண்டும் ஒரே அச்சு. அதே சாம்பல் நிற மூடி, மூடியின் நடுவில் எந்தக் கம்பெனியோ ஒட்டி உரித்த ஸ்டிக்கரின் பசைத் தடம், அதே கீபோர்டு, அதே மாடல் பெயர். ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடையின் கண்ணாடி மேசையில் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, பூபாலன் அரை மணி நேரமாகக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். இடது பக்கத்து லேப்டாப்பில் பதினாறு ஜிபி ரேம். வலது பக்கத்தில் இருப்பதில் நாலு. கண்ணால் பார்த்தால் தெரியாது, வேலை கொடுத்தால்தான் தெரியும். பதினாறு என்றால் பத்து வேலையை ஒரே நேரத்தில் தலையில் வைத்துக்கொண்டு நடக்கும். நாலு என்றால் இரண்டாவது வேலைக்கே மூச்சு வாங்கி நடுரோட்டில் உட்கார்ந்துவிடும். பதினெட்டு வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிச் சம்பாதிக்கிறவனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. யோசிக்க ஒன்றுமில்லாத இடத்தில் அரை மணி நேரம் நிற்கிறோமே என்றுதான் அவனுக்கு வேர்த்தது. மெஷின் அவனுக்கில்லை, அவன் மனைவி செண்பகவல்லிக்கு. ஏழு வருஷம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகிறேன் என்கிறாள். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. வீட்டிலிருந்தே, கேமராவைப் போட்டுவிட்டு, அவர்கள் அனுப்பும் பெரிய புரோகிராமைத் தன் சொந்த மெஷினில் ஓட்டி, நாலு மணி நேரத்தில் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து காட்ட வேண்டும். சொந்த மெஷின் கட்டாயம். அவனுடையது ஆபீஸ் கொடுத்தது, வேறு யாரும் தொடக் கூடாது, விதி அப்படி. அந்த விதியைப் போன வாரம் அவளிடம் சொன்னபோது தன் குரலில் கொஞ்சம் சர்க்கரை கலந்திருந்ததை அவனே கேட்டான். கேட்டுவிட்டு, சே, அப்படியெல்லாம் இல்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டான். தேற்றிக்கொள்வதில் மனுஷன் கெட்டிக்காரன்.

போன வாரம் முதலில் புதுசு விற்கிற ஷோரூமுக்குத்தான் போனான். ஏசி, கண்ணாடித் தரை, டை கட்டிய பையன்கள், மூடியைத் தொட்டால் விரல் ரேகை பதிகிற பளபளப்பு. புதுசு வாங்கக் கையில் காசில்லாமல் இல்லை. ஆனால் புதுசை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது என்றால் என்ன அர்த்தம், நீ போகலாம், நீ ஜெயிப்பாய், நான் நம்புகிறேன் என்று கடுதாசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி. பெட்டியைப் பிரிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான், பார்க்கிங் டோக்கன் வாங்கவில்லை என்று சும்மா ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்தான். அவன் வந்ததே மெட்ரோவில்! அப்புறம் பழசு. அவர்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குழுவில் மூன்றாம் மாடிக்காரர் ஒருத்தர் விற்கிறேன் என்று போட்டிருந்தார், ஒரே கை உபயோகம், கீறல் இல்லை. போய்த் திறந்து பார்த்தான். எழுத்துகளுக்கு இடையில் பிஸ்கட் தூள், அந்த மனிதரின் மகன் செத்துப்போன நாயின் போட்டோவை முகப்பில் வைத்திருந்தான். ஊரான் வீட்டு அழுக்கு நமக்கு எதற்கு என்று செண்பகமே வேண்டாம் என்றுவிட்டாள். ரீஃபர்பிஷ்டு பாருங்க என்றாள். கம்பெனிகள் மூன்று வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் தள்ளுவதை வாங்கி, பிரித்துத் துடைத்து, பழுதானதை மாற்றி, ஆறு மாச வாரண்டியோடு விற்கிறார்கள். புதுசு மாதிரியும் ஆச்சு, விலை பாதியும் ஆச்சு. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த 'எல்லாம் தெரிந்திருந்தது' என்ற இடத்தில்தான் அவனுக்கு முள் குத்தும். ரீஃபர்பிஷ்டு. போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் அந்த வார்த்தையை வைத்து ஒரு ஜோக் அடித்தான். பிள்ளை பெற்று இடைவெளி விட்ட பெண்களுக்கென்று கம்பெனிகள் தனியாக ஆள் எடுக்கிறார்களே, அதைப் பற்றி, 'ரீஃபர்பிஷ்டு பீஸ்தானே, வாரண்டி ஆறு மாசம்' என்றான். மூன்று பேர் சிரித்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், பிசைந்தாள், பிசைந்தாள், அவனுக்கு அந்த விரல்கள் மறக்கவில்லை. அவளுக்கும் வீட்டில் குழந்தை இருக்கும்போல. இருந்தால் என்ன, ஜோக் ஜோக்குதானே. ஜோக்கா அது, அட பாவி, வீட்டில் உனக்காக வெந்தயக் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறவளைப் பற்றியல்லவா சொன்னாய்.

"சார், ஃபேன் சத்தம் கேக்குறீங்களா? ரெண்டுமே அமைதி," என்றார் கடைக்கார ஹமீது பாய். ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார், கையில் திருப்புளி. பூபாலன் தலையை ஆட்டினான். ஃபேன் சத்தம் அவன் காதில் விழவில்லை. வேறொன்று விழுந்துகொண்டிருந்தது, பதின்மூன்று வருஷமாக விழுவது. 'பூபாலன், ஒட்டறதுக்கு முன்னாடி கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களா?' பெருங்குடி ஆபீஸ், பதினோரு பேர் கொண்ட டீம். அங்கே ஒருத்தன் எழுதியதை இன்னொருத்தர் வரி வரியாகப் படித்து, தப்பிருந்தால் பக்கத்திலேயே எழுதிவைப்பது வழக்கம்; எழுதுவது டீமில் எல்லோர் திரையிலும் தெரியும். அவன் எழுதியது அன்றைக்கு ஒருத்தியிடம் போனது. அவனைவிட இரண்டு வருஷம் ஜூனியர், கோவில்பட்டிப் பெண், ஒல்லியாக, எண்ணெய் வைத்துத் தலை சீவி வருவாள், எவனும் அவளைப் பெரிதாக நினைக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு துண்டைக் காப்பி எடுத்து ஒட்டியிருந்தான். அதன் வாலில், யாரோ சோதனைக்காக எழுதி மறந்துபோன ஒரு வரி. ஓடியிருந்தால் வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் துடைத்து எடுத்தாற்போலப் போயிருக்கும், இவன் வேலையும் சேர்ந்து போயிருக்கும். அவள் பிடித்தாள். பிடித்து, நல்லவேளை, தப்பிச்சீங்க என்று காதோடு வந்து சொல்லியிருக்கலாம் இல்லையா? எழுதினாள். பதினோரு பேர் பார்க்க எழுதினாள். 'படிச்சீங்களா?' என்று ஒரு கேள்விக்குறி. திட்டக்கூட இல்லை, கேட்டிருந்தாள், அவ்வளவுதான். படிக்கவில்லை என்பதுதான் உண்மை. எதையுமே கடைசி வரை படிக்கிற பொறுமை அவனுக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எட்டு மாதத்தில் அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டான். பிரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தாலி கட்டும்போது ஒரு நிம்மதியும் வந்தது, இனிமேல் இவள் மற்றவர்கள் பார்க்க எழுத மாட்டாள் என்று. கல்யாணத்துக்கு மறுநாள் அவன் அம்மா, புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே தாயி என்றாள். செண்பகம் சிரித்துக்கொண்டே பூபாலன் என்பதை விட்டு, என்னங்க என்றாள். அதோடு அந்தப் பேர் அவள் வாயில் வரவே இல்லை. தன்யா பிறந்தாள், ரெண்டு வருஷம் வீட்ல இரு, அப்புறம் பாத்துக்கலாம் என்றான் இவன், ரெண்டு மூன்றாச்சு, மூன்று ஐந்தாச்சு, ஏழாச்சு. அவனுக்கும் பயம் விட்டுப்போச்சு. போன மாசம் வரைக்கும். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் நேரம், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சிக்காத ஒரு தப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தோசை போட வந்தவள் தோள் வழியாக ஒரு பார்வை பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. "அந்த லூப் ஒரு தடவ கூடுதலா சுத்துதுங்க," என்று தோசைத் திருப்பியால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். எண்ணெய்ப் பொட்டு ஒன்று திரையில் தெறித்தது. அவள் அடுப்படிக்குள் போகும்வரை காத்திருந்து திருத்திப் பார்த்தான். ஓடியது. ஏழு வருஷம் கரண்டி பிடித்த பிறகும்! ஆபீசில் இந்த வருஷம் அவனுக்கு வந்த மதிப்பீடு நடுவாந்தரத்துக்கும் கீழே, அவனைவிடப் பத்து வயது சின்னவன் மேனேஜர், 'கொஞ்சம் வேகம் கூட்டுங்க சார்' என்று தோளைத் தட்டுகிறான், இது எதையும் அவன் அவளிடம் சொல்லவில்லை. அவள் வியாழக்கிழமை ஜெயித்துவிட்டால்? அடுத்த வருஷம் அவனைத் தாண்டிவிட்டால்? யாராவது அவனுடைய வேலையைத் தூக்கி அவளிடம் கொடுத்து, படித்துப் பார் என்றால்?

அவள் ஒரு பென்டிரைவ் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவளே எழுதிய சின்ன புரோகிராம் அதில் இருந்தது. மெஷினில் போட்டுத் தட்டினால் ரேம் எவ்வளவு, பேட்டரி எத்தனை தரம் சார்ஜ் ஏறியிருக்கிறது, டிஸ்க் எப்படி இருக்கிறது எல்லாம் திரையில் வரிசையாக வந்து விழும். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன் என்றாள். பாத்துச் சொல்வாளாம். இடது பக்கத்து மெஷினில் போட்டான். வரிகள் விழுந்தன. முதல் இரண்டு வரியைப் பார்த்தான், பதினாறு என்றிருந்தது, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது, 'இதுவேதான்ங்க. பேட்டரி கூட நல்லாருக்கு. எடுத்துடுங்க.' அடுத்தது, 'தேங்க்ஸ்ங்க.' அடுத்தது தன்யா பேசி அனுப்பிய குரல், "அப்பா அம்மா லேப்டாப்ப நானும் தொடலாமா?" கேட்டான். போனைச் சட்டைப் பையில் போட்டான். போட்ட கையோடு வலது பக்கத்து மெஷினின் மூடியைத் தட்டி, "பாய், இதைப் பேக் பண்ணுங்க," என்றான். தான் சொன்னது தன் காதிலேயே யாரோ சொன்ன மாதிரி விழுந்தது. எப்போது முடிவெடுத்தான்? ஷோரூம் படி இறங்கும்போதா, தோசையின்போதா, பதின்மூன்று வருஷம் முன்னாலா? ஹமீது பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "கோடிங்குக்குன்னு சொன்னீங்களே சார்? அதுக்கு இது தாங்காது. ரேம் போர்டுலயே சால்டர் பண்ணது, அப்புறம் ஏத்தவும் முடியாது. ரெண்டுக்கும் நாலாயிரம்தான் வித்தியாசம், வேணா நான் கொறைச்சுத் தர்றேன், அதை எடுங்க." பூபாலன் சொன்னான், "வேணாம் பாய். என் வொய்ஃபுக்குத்தான். அவங்களுக்கு இது போதும்." பாய் அவனை ஒரு கணம் பார்த்தார். வியாபாரி இரண்டு தடவை சொல்ல மாட்டார். "உங்க இஷ்டம் சார். வித்ததைத் திரும்ப எடுக்க மாட்டோம். மாத்தணும்னா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வாங்க," என்று பில் புத்தகத்தை இழுத்தார். அவர் எழுதுவதையும் இவன் பார்க்கவில்லை. மனசு வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அவள் திறப்பாள். நாலு என்று பார்ப்பாள். அடப்பாவி, கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டானே என்று இவன் குதிக்க வேண்டும், போனை எடுத்து யாருக்கோ கத்துகிற மாதிரிக் கத்த வேண்டும். நாளைக்கு ஞாயிறு, தெருவே மூடியிருக்கும். திங்கள் செவ்வாய் ஆபீசில் தலை போகிற வேலை. நான்தான் போய் மாத்தணும், நீ போனா உன்னையும் ஏமாத்துவான், இரு என்றால் இருப்பாள், ஏழு வருஷம் இருந்தவள்தானே. வியாழக்கிழமை பத்து மணிக்கு மெஷின் திணறும். பத்தரைக்கு உறைந்து நிற்கும். கேமராவுக்கு முன்னால் அவள் முகம், மேலுதட்டில் வேர்வை, விரல் சும்மா சும்மா ஒரே விசையைத் தட்டும், அந்தப் பக்கம் யாரோ முன்பின் தெரியாதவர்கள் பதினோரு பேர் அதைப் பார்ப்பார்கள், பதினொன்று என்ற எண் எங்கிருந்து வந்தது, பார்க்கட்டும், ஒரு தடவை அவளையும் பார்க்கட்டும். மெஷின் சரியில்லைங்க என்று அழுவாள். இவன் அன்பாக முதுகைத் தடவிக்கொடுத்து, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்வாங்க, விடு, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி என்பான். அந்த 'விடு' என்ற வார்த்தையை மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் இளக்கமாகச் சொல்லலாம் என்று தோன்றியது. இத்தனை ஈனத்தை ஒரு மனிதன் ஒத்திகை பார்க்க முடியுமா என்றால், முடியும், பார்த்துக்கொண்டே கரும்பு ஜூஸும் குடிக்க முடியும். இஞ்சி போட்டு, ஐஸ் வேண்டாம் என்று சொல்லி, கடைத்தெரு முனையில் நின்று குடித்தான்.

அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் படி இறங்கும்போது அவள் கேட்டிருந்தாள், 'பில் போட்டோ அனுப்புங்க, வாரண்டிக்கு வேணும்.' பில்லை எடுத்துப் பார்த்தான். மாடல் பெயர், விலை, பாயின் கடை முத்திரை, போன் நம்பர், கீழே ஏதோ கோழிக் கிறுக்கல். ரேம் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. மனசு துள்ளியது. கடைக்காரன் மாத்திட்டான் என்பதற்கு இதைவிடத் தோதான பில் கிடைக்குமா! போட்டோ எடுத்து அனுப்பினான். இரண்டு நீல டிக் விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவனுக்கு வாய் வேண்டாம், ஒரு போன் போதும். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். செண்பகம் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள். நின்றது. என்ன எழுதி என்ன அழிக்கிறாள்? தேங்க்ஸ்தான், வேறென்ன. வெந்தயக் குழம்புக்கு அப்பளம் வாங்கிட்டு வாங்க என்பாள். எதிர்ச் சுவரில் யாரோ சிரித்துக்கொண்டு வீட்டுக்கடன் விளம்பரம் செய்தார்கள். ஒரு ட்ரெயின் வந்து போனது, ஏறவில்லை. போன் அதிர்ந்தது. 'பூபாலன், அனுப்பறதுக்கு முன்னாடி கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களா?' முதலில் அவனுக்கு எழுத்து புரியவில்லை, பேர்தான் தெரிந்தது. பூபாலன். என்னங்க இல்லை. பதின்மூன்று வருஷம் கழித்து அதே பேர், அதே கேள்விக்குறி. விரலால் மேலே தள்ளி, கடையில் அனுப்பிய போட்டோவைத் திறந்து பெரிதாக்கினான். ரேம், பேட்டரி, டிஸ்க், எல்லாவற்றுக்கும் கீழே, அவன் பார்க்காத கடைசி வரியில், அந்த மெஷினின் சீரியல் நம்பர். 7K2 என்று முடிந்தது. மடியிலிருந்த பில்லை விரித்தான். கோழிக் கிறுக்கல் என்று நினைத்தது கிறுக்கல் இல்லை. பாய் சீரியல் நம்பரைத்தான் எழுதியிருந்தார், அடியில் கோடு கூடப் போட்டிருந்தார், 9H4 என்று முடிந்தது. கடைக்காரர்கள் மெஷினை மாற்றிவிடக் கூடாது என்று புருஷனுக்காக அவள் எழுதிவைத்த வரி அது. இப்பவும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. மணி ஒன்றரைதான், மாடிக் கடைக்குப் பத்து நிமிஷ நடை, பாய் மாற்றிக் கொடுப்பார். கால் எழவில்லை. கை மட்டும் எழுதியது, 'கடைக்காரன் மாத்திட்டான் போலிருக்கு செம்பா, ஃப்ராடு பய, திங்கக்கிழமை போயி' என்று எழுதி முடிப்பதற்குள் அவளே கூப்பிட்டாள். "ட்ரெயின்ல இருக்கேன் செம்பா, சரியா கேக்கல," என்றான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டு. "கேக்கும்," என்றாள். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை, கணக்குப் பார்க்கிற குரல். "பில்லுல போன் நம்பர் இருந்துச்சு. பாய்கிட்ட பேசிட்டேன். அவர ஒண்ணும் சொல்லிடாதீங்க, நல்ல மனுஷன். ரெண்டு தடவ என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. நான் சொல்லிப் பாத்தேம்மா, சார்தான் அவங்களுக்கு இது போதும்னாருன்னாரு." எதிர்ப்பக்கம் ட்ரெயின் நுழையும் சத்தம் கேட்டது. "அந்த பதினாற எனக்கு எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். தன்யாவ கூட்டிட்டு நானே வந்து வாங்கிக்கறேன், பணம் என்கிட்ட இருக்கு. குழம்பு அடுப்புல இருக்கு, சாதம் நீங்களே வச்சுக்கோங்க." "அப்ப இது?" என்றான், மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு. அதைத்தான் கேட்கத் தெரிந்தது அவனுக்கு. அந்தப் பக்கம் தன்யா செருப்பு மாட்டுகிற சத்தமும், வா, வா, நேரமாச்சு என்று அவள் சொல்வதும் கேட்டது. அப்புறம் செண்பகம் சொன்னாள், "நீங்களே வச்சுக்கோங்க பூபாலன். உங்களுக்கு அது போதும்." போன் அணைந்தது. வீட்டுக்கு, நங்கநல்லூர் போகிற ட்ரெயின் வந்து கதவு திறந்தது. ஏறினான். உட்கார இடம் இருந்தது.